என் கல்யாணத்தில் நிற்காத கெட்டிமேளம்

கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களுடைய முதல் மேடையைப் பெரும்பாலும் தவறாகத்தான் குறிக்கிறார்கள். என் தம்பி தீனா விஷயத்திலும் அப்படியே. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர், இசையமைப்பாளர் என்று அவனைப் பற்றி வரும் குறிப்புகள் எல்லாம், அவன் முதலில் வாசித்தது சென்னையில் ஒரு ஓட்டல் அரங்கில் என்கின்றன. வீட்டு நிகழ்ச்சிகளைக் கிழமை தவறாமல் எழுதிவைக்கும் அக்கா என்ற முறையில் இதைத் திருத்துவது என் கடமை. மனதில் தோன்றியதை அவன் முதன்முதலாக வாசித்தது ஆம்பூரில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில். கல்யாணம் என்னுடையது. (வருடத்தைச் சொல்ல மாட்டேன். என் வயதைக் கணக்குப் போடக் காத்திருப்பவர்கள் உறவில் நிறையப் பேர்.)

அப்போது நாங்கள் மாதனூரில் இருந்தோம். தீனா பேண்டு செட்டில் சாக்ஸபோன் கற்றவன். சென்னையில் ஓர் இசைப்பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரான நைனாவோ (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவனுக்குக் கட்டிங் செக்‌ஷனில் வேலை சொல்லிவைத்திருந்தார். வீட்டில் தினமும் சண்டை. நடுவில் புகுந்தேன் நான். என் கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்குப் பதில் தீனாவே தவிலோடு சேர்ந்து வாசிக்கட்டும் என்றேன்.

நைனா யோசித்துவிட்டுச் சொன்னார்: “சரி, சொந்தக்காரங்க முன்னாடி ஊதட்டும். மானம் போவலன்னா மெட்ராசுக்குப் போவட்டும். போச்சின்னா திங்கக்கிழமை கம்பெனி பஸ் ஏறணும்.”

மேளக்காரர்களுக்கு மேடையின் ஓரத்தில்தான் இடம். போட்டோக்காரரும் வீடியோக்காரரும் குறுக்கே நிற்பதால் அங்கிருந்து ஐயரின் கை தெரியாது. என் தலை மட்டும் தெரியும். “நான் தலைய குனிஞ்சா தாலி ஏறுதுன்னு அர்த்தம். அப்ப கெட்டிமேளத்த ஊது” என்று தீனாவிடம் சொல்லிவைத்தேன். பிரமாதமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கெடுத்தது என் கைக்கடிகாரம். தாலி ஏறும் நேரத்தை நிமிடம் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும் என்று வளையல்களுக்கு அடியில் அதைக் கட்டியிருந்தேன். அலங்காரம் செய்த பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “பட்டுப்புடவைக்கு வாட்சா? இன்னா மேடம், பரீட்சை எழுதவா போறீங்க?”

தேங்காய்மேல் தாலியை வைத்த தட்டை ஏந்திக்கொண்டு அத்தை மண்டபத்துக்குள் இறங்கினார். எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்தபின் அது மேடைக்குத் திரும்ப வேண்டும். அத்தை கடைசி வரிசையில் இருந்தார். பத்தரைக்கு ராகுகாலம் ஆயிற்றே என்று நான் மணி பார்த்தேன்.

மணி பார்க்கத் தலையைக் குனிய வேண்டும்.

கெட்டிமேளம் வெடித்தது. கூடவே நாலா பக்கமிருந்தும் அட்சதை. வந்தவர்களில் பாதிப் பேர் பெர்மிஷன் போட்டு வந்த கம்பெனிக்காரர்கள்; சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டியவர்கள். அட்சதையைப் போட்ட கையோடு எல்லாரும் கீழ்த்தளத்துப் பந்திக்குப் பாய்ந்தார்கள். அந்தக் கூட்டம் அத்தையையும், தட்டையும், தாலியையும் சேர்த்து மாடிப்படியில் தள்ளிக்கொண்டு போனது. “தாலி இங்க இருக்குதுய்யா!” என்று அத்தை கத்தியது, என் தம்பியின் புண்ணியத்தில், ஒருவர் காதிலும் விழவில்லை.

தாலி வாங்க நீட்டிய கையை மடக்காமல் என் கணவர் (அப்போது இன்னும் ஆகவில்லை) என்னைப் பார்த்தார். “நான் இன்னும் கட்டவே இல்லங்க.”

விஷயம் புரிந்து தீனா சாக்ஸபோனிலிருந்து வாயை எடுக்கப் போனான். ஐயர் எழுந்து நின்று அலறினார். “நிறுத்திடாதேப்பா! தாலி ஏறாம மேளம் நிக்கப்படாது!”

தீனா ஊதினான். கல்யாணத்துக்குப் பழகியிருந்தது முடிந்தது. பேண்டு செட்டின் சினிமாப் பாட்டுகள் முடிந்தன. தாலி வரவில்லை. திங்கட்கிழமை பஸ் கண்முன் தெரிந்திருக்க வேண்டும், முகமெல்லாம் வியர்வை. பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டு, நான் எங்கும் கேட்டிராத ஒன்றைத் தொடங்கினான். அது கெஞ்சியது, அப்புறம் கோபித்துக்கொண்டது, படியிறங்கி அத்தையைத் தேடிப்போவதுபோல் ஓடியது.

தவில்காரர் வாசித்தபடியே கத்தினார். “தம்பி, எங்க போறே? சொல்லிட்டுப் போ, நானும் வர்றேன்!”

தலை நிறைய அரிசியும் வெறுங்கழுத்துமாக உட்கார்ந்திருந்த நான் அழுதிருக்க வேண்டும். என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பந்தியில் உட்கார்ந்திருந்த என் கணவரின் தோஸ்த் ஜாவித்தான் தட்டைப் பார்த்தவர். “இன்னா ஆன்ட்டி, தாலியும் சாப்பிட வந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டு, அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு படியேறி ஓடிவந்தார். ராகுகாலத்துக்குச் சற்று முன்னால் தாலி ஏறியது. நிஜமாகவே தலையைக் குனிந்தேன். இந்த முறை தீனா என் தலையை நம்பவில்லை. ஐயர் போட்டோக்காரரைப் பிடித்து நகர்த்தி, என் கழுத்தில் தாலியைக் காட்டியபிறகுதான் நிறுத்தினான். அட்சதை தீர்ந்துவிட்டதால் மிச்சமிருந்தவர்கள் கீழே கிடந்ததைப் பொறுக்கிப் போட்டார்கள்.

நைனா மேடையோரம் வந்து நின்றார். தீனா தலை நிமிராமல் சொன்னான்: “திங்கக்கிழமை பஸ் ஏறிடறேன் நைனா.”

“இவன் மேல தப்பு இல்ல நைனா, நான்தான் மணி...” என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

“கடைசியா ஒன்னு ஊதினியே, அத எங்க கத்துக்கின?”

“கத்துக்கல நைனா. தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சு. அப்புறம் தோணினத ஊதினேன்.”

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். “கம்பெனில தோணினத பண்ணா ரெண்டு ஷூவும் எடது காலுக்கே வரும். நீ மெட்ராசுக்கே போ.” திரும்பி நடந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். (ஹோமப் புகை என்று இன்றும் சாதிக்கிறார்.)

இன்று தீனா தன் குழுவோடு ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிறான். அவன் அமைத்த இசைக்கு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். முன்கூட்டி எழுதாமல் வாசிக்க எங்கே கற்றீர்கள் என்று பேட்டிகளில் கேட்டால், “அக்கா கல்யாணத்தில், பயத்தில்” என்கிறான். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் சென்னைக் கச்சேரிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். தம்பி கண்ணை மூடி உச்சத்துக்கு ஏறினான், அரங்கம் மூச்சுவிடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. அப்போது, எல்லாக் கச்சேரியிலும் செய்வதுபோல, என் கணவர் என் காதோரம் சாய்ந்தார்.

“கழுத்துல தாலி இருக்குதான்னு பாத்துக்கோ. இல்லன்னா உன் தம்பி நிறுத்த மாட்டான்.”