உப்புப் பாசிக்கு ஒரு நவநாள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் செல்வம்மாள். எண்பத்துமூன்றாம் வருஷம் தவக்காலத்தில், கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"அண்ணி, எங்க வயல் உப்பா இல்லையான்னு பாசிதான் சாட்சி சொல்லணுமாம்."

அவள் வீட்டுக்காரர் யாகப்பன் அண்ணனுக்குக் கடைமடையில் வயல். கடல் தண்ணீரைத் தடுக்கிற மதகுக் கதவு துருப்பிடித்து விழுந்துவிட்டது. கடல் ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்தது. புதுக் கதவு போடாவிட்டால் அடுத்த சம்பா கிடையாது. அவர்களுக்கு வேறு நிலமும் இல்லை.

கதவு கேட்டு அண்ணன் மனுவோடு போயிருக்கிறார். உவர்நில ஆய்வுப் பிரிவு என்று புதிதாக ஒன்று திறந்திருந்தார்கள். அதிகாரி திருஞானசம்பந்தம், மிகவும் மரியாதையான மனிதர்.

"தண்ணி உப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வாயில வச்சுப் பாத்தேங்க. கொண்டாந்திருக்கேன், நீங்களும் ஒரு வாய் பாருங்களேன்."

"அரசாங்கத்துக்கு நாக்கு கிடையாதுங்க யாகப்பன். கண்ணுதான் உண்டு" என்று மேஜை மேலிருந்த மைக்ராஸ்கோப்பைத் தடவிக் கொடுத்தாராம்.

கண்ணுக்குத் தெரியாத பாசிகளில் உப்புத் தண்ணீரில் வாழ்கிற வகை உண்டாம், நல்ல தண்ணீரில் வாழ்கிற வகை உண்டாம். யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். அது மெய்தான், நான் நம்புகிறேன். ஆனால் அவர்கள் தண்ணீர் எடுத்தது கார்த்திகையில், அடைமழை வயலைக் கழுவிக்கொண்டு ஓடிய பிறகு. பார்த்த இடமெல்லாம் நல்ல தண்ணீர்ப் பாசி. 'தங்கள் நிலம் உவர்ப்பற்றது என மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. கதவு தேவைப்படாது' என்று பதில் வந்தது.

"மறுபடி எடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கு அண்ணி. வைகாசியில வருவாங்களாம். அதுக்குள்ள உப்புப் பாசி வந்தாகணும்."

எனக்குப் படிப்பு ஐந்தாவதுதான். ஆனால் பரீட்சை, பிரசவம், பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் ஒன்பது நாள் ஜெபம், அதாவது நவநாள், வைத்த அனுபவம் இருக்கிறது. நேரே பங்குச் சாமியாரிடம் போனேன்.

"தோத்திரம் சாமி. பூசையில வேண்டிக்க ஒரு கருத்து எழுதணும்."

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"உடம்பு இல்ல சாமி. உப்புப் பாசி பெருகணும்."

பேனா நின்றது. "எங்க பெருகணும்?"

"யாகப்பன் வயல்ல."

"அது நல்லதாம்மா?"

"ஆபீசுல அதைத்தான் கேக்கறாங்க சாமி."

ஆபீஸ் என்றதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். தெருப் பெண்களெல்லாம் கூடி நவநாள் ஜெபித்தோம். பக்கத்து வீட்டு கமர் நிஷா அக்கா, "நானும் துஆ கேக்கறேன்" என்றார்.

ஆண்டவர் தாராளமாகவே கொடுத்தார். வைகாசியில் வயல் வெள்ளை பூத்துக் கிடந்தது. தேங்கிய தண்ணீரை எடுத்துப் பார்த்தால், உப்புப் பாசி திருவிழாக் கூட்டம்போல நெரிந்ததாம். நாங்கள் பாயசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, தீர்ப்பு கேட்க யாகப்பன் அண்ணனோடு போனோம்.

"வாழ்த்துகள். உங்க நிலம் உப்புன்னு ஐயந்திரிபற நிரூபணமாயிடுச்சு."

"அப்ப கதவுங்க?" என்றார் அண்ணன்.

"கதவு விளைநிலத்தைக் காப்பாத்தத்தாங்க. இது உவர்நிலம்னு பாசியே சொல்லிடுச்சே."

"நல்லா இருந்தப்பவும் கதவு இல்லன்னீங்க."

"அப்பத் தேவைப்படல. இப்பத் தகுதியில்ல."

வெளியே வந்ததும் செல்வம்மாள் கேட்டாள்: "அண்ணி, கதவு வேணும்னு ஒரு தடவையாவது ஜெபிச்சோமா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருத்தியும் கேட்கவில்லை. அதிகாரியைத் திட்டவும் வாய் வரவில்லை. அவர் பாசி கேட்டார், நாங்களும் பாசிதானே கேட்டோம்.

கதவு இன்னும் விழுந்தபடியே கிடக்கிறது. இன்றைக்கு நீங்கள் ஜெபிக்கும்போது, யாகப்பன் அண்ணனின் மதகுக் கதவுக்காக ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். பாசியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.