தக்காளிக்குக் குளிரும் என்று ஊட்டிக்காரர் சொன்னார்

கடலோரத்தில் பிறந்தவர்களுக்குச் செடி வளர்க்கும் ஆசை வரக்கூடாது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். எங்களுக்கு வலை, படகு, மீன்கூடை, ஐஸ் பெட்டி. தக்காளியும் கத்திரியும் பொன்னேரிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு. இந்த ஏற்பாட்டை யாரும் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. அதனால்தான் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிற மணலில், நான் ஒரு கிரீன் ஹவுஸ் கட்டினேன். அதை வைத்து எங்கள் குப்பத்தின் முன்னால் அவமானமும் பட்டேன். அவமானப்பட்டதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கட்டியதில் துளிக்கூடக் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களை ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். மற்ற பிள்ளைகள் படகுச் சவாரிக்கு ஓடினார்கள். (படகைப் பார்க்க ஊட்டி வரைக்கும் போவானேன்?) நான் பூங்காவில் இருந்த கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தவள், டீச்சர் வந்து கையைப் பிடித்து இழுக்கிறவரை வெளியே வரவில்லை. வெளியே எலும்பு நடுங்கும் குளிர். உள்ளே இதமான சூடு, ஈரமண் வாசனை, எங்கே பார்த்தாலும் பூ. என் வீட்டில் இப்படி ஒன்று கட்டியே தீருவது என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். வெளியிலேயே வேண்டிய சூடு இருக்கிற ஊரில் உள்ளேயும் எதற்குச் சூடு என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அது என் மாமியார் தேசம்மாவுக்குத் தோன்றியது. விடிகாலையில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறவர். வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் கருவாடு காயப்போட மேடை கட்ட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தார். நான் மருமகளாக வந்து, அந்த இடத்தில் சவுக்குக் கம்புகளை நட்டு, மேலேயும் நாலு பக்கமும் பாலித்தீன் ஷீட்டை இழுத்துக் கட்டினேன்.

“இன்னாமே இது?” என்றார்.

“கிரீன் ஹவுஸ் அத்தே. உள்ள செடி வச்சா குளுரு தாக்காது.”

“இங்க எங்கமே குளுரு கீது?”

பதில் இல்லாதபோது நான் குரலை உயர்த்துவது வழக்கம். உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். கடைசியில் என் கணவர் ஏழுமலை நடுவில் புகுந்து ஓர் ஒப்பந்தம் செய்து வைத்தார். தை பிறப்பதற்குள் என் செடியில் ஒரு காயாவது மாமியார் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் ஷீட்டை உருவிவிட்டு மேடை கட்டிவிடலாம்.

“கட்டிக்கோங்க,” என்றேன். (அப்போது எனக்கு வாய் நீளம். இப்போதும் குறையவில்லை.)

எந்த மாதம் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைச் செல்போன் வீடியோவில் ஊட்டிக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். தலையில் குல்லாயும் உடம்பில் ஸ்வெட்டருமாகத்தான் பேசுவார். அந்த ஸ்வெட்டரைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சித்திரையில் ஷீட்டைத் துடைத்துப் பளிச்சென்று வையுங்கள், அப்போதுதான் வெயில் உள்ளே வரும் என்றார். துடைத்தேன். வெயில் வந்தது. என் வெண்டை நாற்று வாடவில்லை, வெந்துபோனது. உள்ளே வைத்திருந்த பிளாஸ்டிக் பூவாளிகூட ஒரு பக்கமாகச் சாய்ந்து உருகிவிட்டது. ஆடியில் சாரல் அடிக்கும், கதவை ஒழுங்காகச் சாத்திவையுங்கள் என்றார். சாத்தினேன். எங்கள் ஊர் ஆடிக்காற்று கதவைப் பெயர்த்து ஏரியில் போட்டது. ஏழுமலை படகில் போய் அதை எடுத்துவந்தார். (வலையில் கதவு விழுந்ததாக ஊரெல்லாம் பேச்சு.) புரட்டாசியில் தக்காளி நடச் சொன்னார். நட்டேன். ஐப்பசி மழைக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கீழே இறக்கிவிடச் சொன்னார். மலையில் இருக்கிறவருக்குக் கீழே என்று ஓர் இடம் உண்டு. எங்களுக்குக் கீழே இருப்பது ஏரி, அதுவே மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. பழைய மீன் பெட்டிகளைக் கவிழ்த்து, தொட்டிகளை எல்லாம் அவற்றின் மேல் தூக்கி வைத்தேன். அந்த ஒரு வேலைதான் அவரைக் கேட்காமல் நானாகச் செய்தது. அந்த ஒன்றுதான் உருப்படியாகவும் இருந்தது.

பிறகு மார்கழி வந்தது. “உறைபனி விழும். தக்காளிக்குக் குளிரும். ஓர் இடுக்குகூட விடாமல் மூடுங்கள்,” என்றார் ஊட்டிக்காரர். பழைய புடவைகளைக் கிழித்து எல்லா ஓட்டையையும் அடைத்தேன். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. பூத்ததெல்லாம் மறுநாள் தரையில் கிடந்தது. காற்று இல்லை, தேனீ இல்லை. இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல் ஒரே ஆவி. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. மார்கழி பாதி போய்விட்டது.

அப்போதுதான் என் கொழுந்தன் வேலு அந்தக் காரியத்தைச் செய்தான். எங்கள் ஊரில் இருக்கிற பழைய டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டுவது அவன் தொழில். வாசல் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைக் காட்டி நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசி, பிறகு படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக்காட்டுவான். அன்றைக்கு ஹாலந்திலிருந்து வயதான புருஷன் பெண்சாதி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர் தன் ஊரில் கிரீன் ஹவுஸ் வைத்துக் குடைமிளகாய் பயிர் செய்கிறவராம்.

“எங்க அண்ணிகூட கிரீன் ஹவுஸ் வச்சிக்கீதுன்னு சொல்லிட்டேன் அண்ணி. நாளைக்குக் காலையில இட்டாறேன்.”

“காயே இல்லடா.”

“இன்னா அண்ணி இது, செம்ம காய்ப்புன்னு சொல்லிட்டனே.”

மறுநாள் மாமியார் ஏலத்துக்குக் கிளம்பியதும் ஏழுமலையும் நானும் வேலையில் இறங்கினோம். பொன்னேரிச் சந்தையில் முந்தின நாள் வாங்கிய தக்காளி ஒரு பை. விருந்தாளிக்குப் பிடிக்குமே என்று ஏழுமலை சேர்த்து வாங்கிய சிவப்புக் குடைமிளகாய் கொஞ்சம். ஒவ்வொன்றாகச் செடியில் கட்டினோம். ஏழுமலைதான் தங்கூசி கொண்டுவந்தார். வலைக்கும் தூண்டிலுக்கும் போடுகிற, கண்ணாடி மாதிரி மெல்லிய நைலான் நூல். கிட்டே வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வலைக்காரர் கை இல்லையா, ஒவ்வொரு முடிச்சும் முத்து மாதிரி விழுந்தது. எல்லாம் முடிந்து வாசலில் நின்று பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் நானே நம்பினேன்.

தொரையும் தொரைசாணியும் வந்தார்கள். பின்னாலேயே பாதிக் குப்பம் வந்தது. எல்லோரும் உள்ளே நுழைந்ததும் வேர்த்துக் கொட்டியது. தொரை செடிகளைப் பார்த்தபடி மெல்ல நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். வேலுவிடம் என்னவோ கேட்டார்.

“அண்ணி, தக்காளிச் செடியில குடைமிளகா காய்க்கிற ரகம் அவங்க ஊர்ல இல்லையாம். இது எங்க கெடைக்கும்னு கேக்கறாரு.”

ஏழுமலையைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நம்ம ஊரு ரகம்னு சொல்லு,” என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த நேரத்தில் மாமியார் ஏலம் முடிந்து மீன்கூடையுடன் வந்துசேர்ந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பச்சைச் செடி, சிவப்புச் சிவப்பாகத் தக்காளி. வாய் தானாகத் திறந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் ஒரு வருஷம் வெந்து தவித்தேன். ஆனால் அவர் தனியாக வரவில்லை. கரையிலிருந்து அவர் கூடையைத் தொடர்ந்து வருகிற பூனைகள் அத்தனையும் கூடவே வந்திருந்தன.

ஏழுமலை கொண்டுவந்தது நண்டு பிடிக்கிற தூண்டில் நூல். மீன்குடலை இரையாகக் கட்டி, அதோடு சேர்ந்து கூடையிலேயே கிடந்து ஊறிய நூல். எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசனையே இல்லை. பூனைகளுக்கு அது தலைவாழை இலைச் சாப்பாடு. காது அறுந்த ஒரு கடுவன் பூனைதான் முதலில் தாவியது. நூலைக் கடித்து இழுத்தது. தக்காளி பொத்தென்று விழுந்தது. பிறகு எல்லாப் பூனையும் தாவின. பொத், பொத் என்று தக்காளி உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு குடைமிளகாய் உருண்டு போய்த் தொரைசாணியின் செருப்பில் முட்டி நின்றது. வெறும் நூல்கள் செடியில் ஆடின.

மாமியார் ஒரு தக்காளியை எடுத்தார். அதில் தொங்கிய நூலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“டேய் ஏழுமல. இது உன் நண்டுக் கயிறாச்சே.”

குப்பம் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். தொரை சிரிக்கவில்லை. ஒரு தக்காளியை உள்ளங்கையில் வைத்து, முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்டார். அவ்வளவுதான், என் கணவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முடிச்சுப் போடக் கற்றுத்தர ஆரம்பித்துவிட்டார். நான் மானம் போய் நிற்கிறேன், இரண்டு ஆம்பளைகளும் நூலை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுந்து போகும்போது தொரை ஒன்று கேட்டார். வேலு தயங்கித் தயங்கிச் சொன்னான். “அவங்க ஊர்ல குளுருக்காகத்தான் மூடி வைப்பாங்களாம் அண்ணி. இங்க எங்க குளுரு கீதுன்னு கேக்கறாரு.”

“அதத்தான் நானும் கேட்டேன்,” என்றார் மாமியார். மறுபடி சிரிப்பு.

என் காது சூடானது. அழுதிருக்கலாம். உள்ளே ஓடியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷமாக அந்த ஷீட்டைத் துடைத்த கை என்னுடையது. துடைத்த துணியைப் பிழிந்தால் வடிந்த தண்ணீர் எப்படிக் கரிக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

“சொல்லுடா அவருகிட்ட,” என்றேன். “ஆமா, கட்டித்தான் தொங்கவுட்டேன். காய்க்கல. உங்க ஊர்ல குளுருக்கு மூடுறீங்க, எங்க ஊர்ல உப்புக்காத்துக்கு மூடுறேன். வெளிய வச்ச செடி எதுனா ஒண்ணு இந்தக் குப்பத்துல இவ்ளோ உயரம் வளந்துச்சா? இவங்கள சொல்லச் சொல்லு. அடுத்த வருஷம் வந்து பாக்கச் சொல்லு.”

வேலு எவ்வளவு சொன்னானோ தெரியாது. தொரை ஷீட்டை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பக்க ஷீட்டை முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிக் காட்டி, அங்கே வலை கட்டு என்று கையாலேயே சொன்னார். கூட்டம் கலைந்தது.

“ஷீட்ட உருவலாமா?” என்றார் மாமியார்.

“தை இன்னும் பொறக்கல அத்தே,” என்று வாசலை மறித்து நின்றேன்.

அன்றைக்கே பக்க ஷீட்டைச் சுருட்டி, கிழிந்த வலைகளைக் கட்டினேன். காற்று வந்தது, தேனீ வந்தது. போகியன்று காலையில் மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பச்சையாக, பட்டாணி அளவுக்கு ஒன்று.

“இது காயாமே? ஆட்டுப் புழுக்கையாட்டம் கீது.”

“காய்னுதான பேச்சு. எம்மாம் பெருசுன்னு யாரும் சொல்லலையே.”

அவர் குனிந்து நூல் இருக்கிறதா என்று தேடினார். விரலால் காம்பைச் சுண்டிப் பார்த்தார். கருவாட்டு மேடை வீட்டுக்கு வடக்குப் பக்கம் போனது.

இன்றைக்கு எனக்கென்று ஒரு வருஷக் கணக்கு உண்டு, ஊட்டிக்காரர் அதில் இல்லை. சித்திரையில் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து வெயிலைத் தடுப்பேன். ஆடிக்கு முன்னால் படகு கட்டுகிற கயிற்றால் கம்புகளை இழுத்துக் கட்டுவேன். புரட்டாசியில் நடுவேன். ஐப்பசியில் தொட்டிகள் மீன் பெட்டி மேல் ஏறும், புயல் என்று சொன்னால் ஷீட்டைக் கழற்றி மடித்துவிடுவேன். மழை விட்டதும் படிந்த உப்பைக் கழுவுவேன். மார்கழியில் எதையும் மூடமாட்டேன்.

ஆனால் அந்த ஒரு காலைப்பொழுதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவிடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி புதுச் சங்கிலி போட்டு வந்தாலும், யாராவது கொண்டை வைத்து வந்தாலும், என் மகள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்தாலும் மாமியார் கேட்பது ஒரே கேள்விதான். “காச்சதா, கட்டினதா?” வேலு இங்கிலீஷ் பேசினாலும் அதே கேள்வி.

போன தையில் ஒரு முறம் நிறையத் தக்காளி பறித்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“காச்சதாமே, கட்டினதா?”

“காச்சதுதான் அத்தே,” என்றேன். “வூடுதான் நான் கட்டினது.”