யாளி மலைக்குப் போகாத வீரன்

நேர்மையாக இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் யாருமே கேட்காத இடத்தில் நேர்மையாக இருப்பவர்களோடு ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்ணம் கொஞ்சம் ஆடிப்போகும். இருபத்திரண்டு வயதில் நான் அந்த வகை. பறக்கும் தேரும், மந்திரம் போடும் ஆந்தையும், நெருப்புக் கக்கும் யாளியும் இருந்த ஒரு கணினி விளையாட்டில், வீரனின் செருப்பு மட்டும் உண்மையாகத் தேய வேண்டும் என்று அடம்பிடித்தேன். (அடம்பிடித்து ஜெயித்தும் விட்டேன். கஷ்டமே அதுதான்.)

பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது கௌரவமாக இருந்த காலம் அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஏழு பேர் வேலை பார்த்த சின்ன கம்பெனி ஒன்றில் நான் டிரெய்னி. செல்போனில் ஆடுகிற பந்து விளையாட்டு, சீட்டு விளையாட்டு செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். முதலாளி ரகு சாருக்கு மட்டும் ஒரு பெரிய ஆசை. கற்பனை நாட்டில் வீரனாக மாறி, ஊர் ஊராகப் போய், ஆயுதம் சேர்த்து, கடைசியில் ஒரு பயங்கர மிருகத்தைக் கொல்கிற பெரிய விளையாட்டு ஒன்றைத் தமிழ்நாட்டு ஜாடையில் செய்ய வேண்டும் என்று. மிருகம் யாளி என்று அவரே முடிவு செய்துவிட்டார். விளையாட்டின் விதிகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மற்ற எல்லோருக்கும் வேலை இருந்தது என்பதுதான் காரணம். நான் அதைத் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா ஒரு கெடு வைத்திருந்தார். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். இல்லாவிட்டால் வங்கித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும்.

அந்த வகை விளையாட்டுகளை நான் நிறைய ஆடியிருந்தேன். அவற்றில் வீரன் பதினோரு வாள், நாலு கேடயம், ஒரு ஏணி எல்லாவற்றையும் எங்கேயோ செருகிக்கொண்டு முயல் மாதிரி ஓடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் உண்டு. எங்கள் அத்தா, அதாவது அப்பா, தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி, கீல், சங்கிலி, கடப்பாரை. எடை இல்லாத இரும்பை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

ஒருநாள் கடைக்கே போய்க் கேட்டேன். "அத்தா, ஒரு வாள் எவ்ளோ எடை இருக்கும்?"

யாருக்கு, எதற்கு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டால் சொல்கிற மாதிரியே சொன்னார். "மூணு அடி நீளம், ரெண்டு இஞ்ச் பட்டை, அஞ்சு எம்எம் கனம்னு வச்சுக்க. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கொறையும்."

"ஒரு ஆள் பதினோரு வாள் தூக்கிட்டு ஓட முடியுமா?"

"லோடு ஆட்டோ வேணும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து விதிகள் கொட்டின. வீரனுக்குப் பசிக்கும், தாகமெடுக்கும். பாரம் ஏறினால் நடை தளரும். வாள் மழுங்கும். செருப்பு தேயும், தேய்ந்தால் முள் குத்தும், குத்தினால் நொண்டுவான். நிரலெழுதும் பிரபா பீர்க்கன்கரணைக்காரன். என் காகிதங்களை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னா ஷமீமா இது? முள்ளு குத்துமா?"

"செருப்பு இல்லன்னா குத்தாதா?"

"எனக்கு குத்தும். உனக்கு குத்தும். அவன் ஹீரோவா கீறான், அவனுக்கு எதுக்கு குத்தணும்?"

"லாஜிக் வேணும் பிரபா."

"யாளிக்கு இன்னா லாஜிக்?"

பதில் இல்லாததைப் பிறர் கண்டுபிடிக்காதபடி முகத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். வைத்துக்கொண்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு எழுதித் தந்தான்.

ஐந்தாவது மாதம், விளையாட்டுகளை சிடி போட்டு விற்கும் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து மௌலி சார் என்பவர் வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்தால் பணம் போடுவார்கள், கம்பெனி நிமிரும், என் வேலையும் நிரந்தரம். காலை விமானத்தில் வந்து, எங்கள் விளையாட்டை ஆடிப் பார்த்துவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் மீனம்பாக்கம் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று மணி நேரம் தாராளம் என்று நான் ரகு சாருக்கு உறுதி கொடுத்தேன். அதோடு நிற்காமல் அத்தாவையும் வரச்சொன்னேன். ஏனென்றால் விளையாட்டின் முடிவில் வருகிற பெயர்ப் பட்டியலில் 'ஆயுத ஆலோசனை' என்று போட்டு அவர் பெயரைச் சேர்த்திருந்தேன். யாளி செத்த பிறகு அது திரையில் வரும்.

மௌலி சார் ஐம்பது வயதுக்காரர், சாந்தமானவர், சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆவலோடு உட்கார்ந்தார். இந்த மாதிரி விளையாட்டுகளைப் பத்து வருடமாக ஆடுகிறவர். எனவே அப்படி ஆடுகிறவர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். கயிறு, இரண்டு மண்வெட்டி, ஒரு அண்டா, ஒரு ஆட்டுக்கல். (ஆட்டுக்கல்லை நான்தான் வைத்திருந்தேன். எந்த முட்டாள் எடுப்பான் பார்க்கலாம் என்று.) வீரன் குனிந்தான். நடை நின்றுபோகும் அளவுக்குத் தளர்ந்தது.

"மௌஸ் சரியில்லையோ?" என்றார் மௌலி சார்.

ரகு சார் ஓடிப்போய் வேறொரு மௌஸைக் கொண்டுவந்து மாட்டினார். வீரன் அதே மாதிரி ஊர்ந்தான்.

"மௌஸ் நல்லாத்தான் இருக்கு சார்," என்றேன் பெருமையாக. "அவனுக்குத்தான் பாரம்."

ஆட்டுக்கல்லைக் கீழே போட மௌலி சாருக்கு மனம் வரவில்லை. பின்னால் உதவும் என்றார். அதைச் சுமந்துகொண்டே பக்கத்திலிருந்த வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்து, மூலையிலிருந்த பெட்டியைத் திறந்தார். இந்த வகை விளையாட்டை ஆடும் எவரும் முதலில் செய்வது அதுதான். பெட்டிக்குள் கத்தியோ மருந்தோ இருக்கும்; எடுத்துக்கொண்டு போகலாம்; வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் வீட்டுக்காரர்கள் நிற்கவில்லை. ஒரு பெண்மணி "திருடன்! திருடன்!" என்று கத்தினாள் (என் குரல்தான்). தெருவே திரண்டு வந்து வீரனைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்ச் சிறையில் போட்டது.

மௌலி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"சார், அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய்ப் பொட்டியத் தொறந்தா சும்மா விடுவாங்களா?"

"விளையாட்டுல விடுவாங்கம்மா," என்றார் அவர், கோபமே இல்லாமல்.

சிறைத்தண்டனை எட்டு நிமிடம். நிஜமான எட்டு நிமிடம். தாண்டிப் போக வழி கிடையாது. தாண்டிப் போக முடிந்தால் அது என்ன தண்டனை என்பது என் கொள்கை. வீரன் சிறைத் தரையில் படுத்துத் தூங்கினான். நாங்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவன் தூங்குவதைப் பார்த்தோம். ரகு சார் டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்தது, குடித்து முடித்தோம், வீரன் இன்னும் உள்ளே இருந்தான்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டையில், செண்ட் போட்டுக்கொண்டு அத்தா வந்தார். பின்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"யாரும்மா அது, படுத்தே கெடக்குறான்?"

"ஹீரோ அத்தா."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஜெயில்ல இருக்கான்."

பிரபா அத்தாவின் காதருகில் குனிந்து, மௌலி சாரைக் கண்ணால் காட்டி, "இவுருதான் பாய் பொட்டியத் தொறந்தாரு," என்றான்.

விடுதலையானதும், சிறையில் பிடுங்கி வைத்திருந்த வாளைத் திருப்பி வாங்க ஊர்த்தலைவரிடம் மனு கொடுக்க வேண்டியிருந்தது. ஊர்த்தலைவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வீரனின் செருப்பு தேய்ந்து முள் குத்திவிட்டது. பசி வேறு. மௌலி சார் கைகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு மனிதன் தன் நாற்காலியை மரியாதையாகக் காலி செய்ய எத்தனை வழி உண்டோ அதில் மிக நல்ல வழியைக் கண்டுபிடித்தார். "பாய், நீங்க கொஞ்சம் ஆடிப் பாருங்களேன்."

அத்தா அதுவரை மௌஸைத் தொட்டதில்லை. பிரபா சொல்லிக்கொடுத்தான். நொண்டிக்கொண்டிருந்த வீரனைப் பார்த்ததும் அத்தாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. முதல் வேலையாக அவனை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் குடிக்க வைத்தார். கொதிக்க வைக்காத ஏரித்தண்ணீர். என்ன ஆகும் என்று அந்த அறையில் எனக்கும் பிரபாவுக்கும் மட்டும்தான் தெரியும். வீரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒரு புதருக்குப் போனான். இன்னொரு புதருக்குப் போனான். மூன்றாவது புதருக்குப் போகும் வழியில் விழுந்தான். திரை கறுத்தது. நானே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்த அழகான சிவப்பு எழுத்தில் வரி வந்தது: 'வீரன் வயிற்றுப்போக்கால் மாண்டான்.'

கீழே டைல்ஸ் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார் அத்தா.

"மொதல்லேர்ந்து ஆடணும் அத்தா."

"இவ்ளோ நேரம் ஆடினது?"

"கட்டில்ல படுத்துத் தூங்கினாத்தான் அதுவரைக்கும் ஆடினது சேவ் ஆகும்."

"ஜெயில்ல தூங்கினானே?"

"அது தரை."

அத்தா மௌஸை மெதுவாகத் தள்ளிவைத்தார். "ஏம்மா, காலைலேர்ந்து கடையில இரும்பு எடை போட்டுட்டு வர்றேன். இங்கயாச்சும் அஞ்சு நிமிஷம் பறக்கலாம்னு பாத்தா, இங்கயும் பாரமா?"

"நீங்கதானே அத்தா ரெண்டு கிலோன்னு சொன்னீங்க?" என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"நீ எடை கேட்ட, சொன்னேன். அதக் கொண்டுபோய் அந்தப் புள்ள முதுகுல ஏத்துவேன்னு சொன்னியா?"

மௌலி சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்துக் கடைசியாக ஒன்று கேட்டார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். உங்க ஆபீஸ்ல யாராவது அந்த யாளியைப் பாத்திருக்கீங்களா?"

ரகு சார் என்னைப் பார்த்தார். நான் பிரபாவைப் பார்த்தேன்.

"இல்ல சார்," என்றான் பிரபா. "போற வழியிலயே பசியில செத்துடறான்."

"ரொம்ப உழைச்சிருக்கீங்க," என்று மௌலி சார் எல்லோரிடமும் கைகுலுக்கினார். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். வாசலில் அவர் செருப்பை மாட்டும்போது அத்தா கவனமாகக் குனிந்து பார்த்தார். அடி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ, கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அடுத்த மாதம் நான் வங்கித் தேர்வு வகுப்பில் இருந்தேன். மூன்று மாதம் வட்டிக் கணக்குப் போட்டேன். தேர்வில் தோற்ற வாரம் ரகு சார் கூப்பிட்டார். வேறொரு கம்பெனிக்கு ஒரு வீர விளையாட்டு செய்கிறார்களாம், விதி எழுத ஆள் வேண்டுமாம். "ஆனா ஷமீமா, ஹீரோவுக்கு எதுவும் ஆகக்கூடாது. புரியுதா? எதுவும்."

புரிந்தது. அந்த விளையாட்டில் ஓநாயை வெட்டினால் அதன் வயிற்றிலிருந்து மூன்று பொற்காசும் ஒரு ஜோடிச் செருப்பும் விழும். ஓநாய்க்குச் செருப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லா வீட்டுப் பெட்டியும் திறந்தே கிடக்கும். அது நன்றாக விற்றது. வேலை நிரந்தரமானது. இன்றும் இதே தொழிலில்தான் இருக்கிறேன்.

வீட்டில் மட்டும் அந்த மதியம் முடியவேயில்லை. எங்கள் வீட்டில் யாரும் தூங்கப்போகிறேன் என்று சொல்வதில்லை. "சேவ் பண்ணிட்டு வர்றேன்" என்பார்கள். கம்ப்யூட்டர் பக்கமே வராத அம்மாகூட மதியம் பாயை உதறிப் போடும்போது, "தரையில சேவ் ஆகுமாடீ?" என்று கேட்காமல் படுத்ததில்லை.

எனக்குத் திருமணமான மறுநாள் விருந்து. சாப்பிட்டு முடித்து அத்தா கைகழுவிக்கொண்டே புது மருமகனிடம் அன்பாகச் சொன்னார், "மாப்ள, நீங்களும் போய்க் கொஞ்சம் சேவ் பண்ணுங்க."

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு பொறுப்பு. "பண்றேன் மாமா. போன மாசம்தான் போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி. ஆரம்பிச்சேன்."

அத்தா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல புள்ளம்மா," என்று சொல்லிவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.