மடகஸ்கார் நானாவும் அக்காவின் குசினியும்

அக்குறணையிலிருந்து மடகஸ்காருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், யோசிக்காமல் "பக்கத்து வளவு" என்று பதில் சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் அக்குறணையிலேயே, மாத்தளை வீதியில், குசினி மேடைக்குக் கல்பலகை அறுத்துக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். முஸ்லிம் ஊரான அக்குறணையில் அண்ணனை நானா என்பார்கள்; ஊருக்கு அவர் மடகஸ்கார் நானா. தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடிதத்தை நீட்டுவார்.

கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை கிடைத்துத் தெல்தோட்டையிலிருந்து நான் இறங்கி வந்தபோது, நானாவின் கடைக்கு மேலே இருந்த அறைதான் எனக்குக் கிடைத்தது. நான்கு வருடம் அங்கே குடியிருந்தேன். கீழே கல் அறுக்கும் மெஷின் போடும் சத்தத்தில் காது அடைத்துப்போகும். அந்தச் சத்தத்தையும் தாண்டி நானாவின் குரல் கேட்கும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். ஒருநாள் லொறியில் வரும்போது, ஹுன்னஸ்கிரியப் பக்கம் வீதியோரத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சுத்தியலால் மலையைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, "எனத்த தேடுறீங்க மகன்?" என்று கேட்க இறங்கியிருக்கிறார். காலையில் இறங்கியவர் பொழுது சாயும்போதுதான் லொறியில் ஏறினார். லொறியில் இருந்த கல்பலகைக்காக ஒரு கல்யாண வீடே அன்று சமைக்காமல் காத்திருந்ததாம். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் நானாவோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகு நானா புத்தகம் புத்தகமாக வாங்கினார். படித்ததைக் கடைக்கு வருகிறவர்களிடம் கொட்டினார். பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை, பெரிய பெரிய தகடுகளாக உடைந்திருக்கிறது. அடியில் மான்டில் என்கிற சூடான பாறை மெதுவாக அசைகிறது, அதோடு சேர்ந்து தகடுகளும் நகர்கின்றன. சில இடத்தில் பிரிகின்றன, சில இடத்தில் மோதுகின்றன. ஐம்பது கோடி வருடத்துக்கும் முன்னால் அப்படிக் கண்டங்கள் மோதிக்கொண்டபோது இடையில் அகப்பட்டு நசுங்கியதுதான் நம்முடைய நாடு. அப்போது ஒரு பக்கம் இந்தியா, ஒரு பக்கம் மடகஸ்கார், இன்னொரு பக்கம் அந்தாட்டிக்கா. பள்ளிக்கூட உலகப் படம் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டி, எல்லாக் கண்டத்தையும் நெருக்கி ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார். வெட்டும்போது ஐரோப்பா எங்கேயோ விழுந்துவிட்டது. அதை அவர் தேடவும் இல்லை.

கல் வாங்க வருகிறவர்கள் பாடு பெரும்பாடு. ஒரு டீச்சரம்மா கறுப்புக் கல்பலகை ஒன்றைத் தடவிப் பார்த்து, "மஞ்சள் கறை பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

நானா மெஷினை நிறுத்தினார். "டீச்சர், இந்தக் கல் எங்க ஈந்ததுன்னு தெரியுமா? முப்பது கிலோமீட்டர் ஆழத்துல. எண்ணூறு டிகிரிச் சூட்டுல கெடந்து வெந்தது. மேல ஒரு மலைத் தொடரே ஏறி உக்காந்து அமத்தினது. அதெல்லாம் தாங்கிட்டு, மேல உள்ள மலை கரைஞ்சி போகப் போக மெதுவா மெதுவா ஏறி வந்து இப்ப ஒங்களுக்கு முன்னால நிக்குது. இதப் பாத்து நீங்க மஞ்சள் தூளப் பத்திப் பேசுறீங்க!"

டீச்சரம்மா கல்லிடம் மன்னிப்புக் கேட்காத குறை. அன்று அவர் கல்லை வாங்கவில்லை. அடுத்த வாரம் தன் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நானா கடையைப் பாதி சாத்திவிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அவர் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். நாற்பது கோப்பை தேத்தண்ணியை ஊற்றி முடித்த ராத்தா, "இந்தத் தகடு எல்லாம் நகருது, இந்த மனுசன் மட்டும் நகர மாட்டேங்குறார்" என்று மட்டும் சொன்னார்.

ராத்தாவின் தம்பி மாணிக்க வியாபாரி. நம் ஆட்கள் மாணிக்கக் கல் வாங்க மடகஸ்காருக்குப் போய்வருவது தெரிந்த விசயம். அவர் புறப்படும்போது நானா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், எனக்கு நீலமும் வேணாம், ஒண்டும் வேணாம். ரோட்டோரத்துல கெடக்குற சாதாரணக் கல் ஒண்டு. சிவப்புப் பொட்டு வச்ச மாதிரி ஈக்கணும். ஆறு கிலோவுக்குக் கொறயாம."

மச்சான் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் அவரை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். மாணிக்க வியாபாரி ஒருவர் பெறுமதி இல்லாத கல்லை ஆறு கிலோ கட்டிச் சுமந்துகொண்டு வருவார் என்று யார்தான் நம்புவார்கள்? கல்லைத் தட்டிப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள், கடைசியில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

நானா அந்தக் கல்லைக் கழுவி, அக்குறணையில் பொறுக்கிய அதே மாதிரிக் கல் ஒன்றின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் மாதுளை முத்து மாதிரி காணட் என்கிற சிவப்பு மணிக்கல்லின் பொட்டுகள். ஒரே அடுப்பில், ஒரே நெருக்கலில் வெந்த கல்கள் என்பது அவருடைய வாதம். வருகிறவர்களிடமெல்லாம் "எது மடகஸ்கார்?" என்று கேட்பார். யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு பெருநாளுக்கு முதல்நாள் ராத்தா கடையைக் கூட்டும்போது இரண்டையும் எடுத்துத் துடைத்துவிட்டு இடம் மாற்றி வைத்துவிட்டார். அன்றிலிருந்து நானாவுக்கே தெரியாது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். நானா கடைவாசலில் நின்று போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார்: "வாங்க, வாங்க! எனக்கே வெளங்குதில்ல! இதுக்கு மேல எனத்த ருசு வேணும்?"

தகடுகள் நகம் வளர்கிற வேகத்தில் நகர்கின்றன என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒரு வருட ஓட்டத்தைக் காட்டப் போகிறேன் என்று இடது கைப் பெருவிரல் நகத்தை வளர்க்கத் தொடங்கினார். நாற்பது நாளுக்கு மேல் நகத்தை வெட்டாமல் வைக்கக்கூடாது என்று மௌலவி சாடையாகச் சொன்னார். நானா மறுபேச்சுப் பேசவில்லை. நாற்பதாம் நாள் வெட்டி, அந்தத் துண்டை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, "இந்தியத் தகடு, நாற்பது நாள்" என்று எழுதி அலுமாரியில் வைத்தார்.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒருநாளை நினைத்தால் எனக்குச் சிரிப்போடு வேறு என்னவோவும் வருகிறது.

எங்கள் லட்சுமி அக்கா தெல்தோட்டையில் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்தவர்கள். முதன்முதலாகச் சொந்தக் காணி வாங்கி வீடு கட்டத் துணிந்தவள் அக்காதான். காணி ஒரு மலைத் தோளில் கிடந்தது. ஒரு பக்கம் வீதி, நல்ல காற்று, பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். மறுபக்கம் மாட்டுப்பட்டி. எந்தப் பக்கம் கட்டுவாள் என்று கேட்கவும் வேண்டுமா? பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே சமைக்கக் குசினியை முன்னால் போட வேண்டும் என்பது அவள் ஆசை. வீதிப் பக்கம் மலையை வெட்டி நிலத்தைச் சமப்படுத்தி, அத்திவாரத்துக்கு நீளப் பள்ளமாகக் கானும் வெட்டியாகிவிட்டது. கல் நடுவதற்குப் பூசாரி குறித்துக் கொடுத்த நல்ல நேரம் பத்து பன்னிரண்டிலிருந்து பத்து ஐம்பத்து நான்கு வரை.

அத்திவாரத்துக்கு முதல் கல் தான் தருவதாக நானா சொல்லியிருந்தார். முச்சக்கர வண்டியில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். தேங்காய், பழம், சாம்பிராணி எல்லாம் தயார். நானா பந்தல் பக்கம் வரவே இல்லை. பின்னால் வெட்டியிருந்த மலைச்சுவருக்குப் போய், கையை வைத்துத் தடவி, ஈரத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கச்சி, இங்க கட்ட வேணாம்."

பூசாரியின் மணி நின்றது. அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"என்னா நானா இது? நல்ல காரியத்துல வந்து இப்படி அபசகுனமா பேசுறீங்களே!"

"பாறை அடுக்கடுக்கா ஈக்குது. எல்லா அடுக்கும் ரோட்டுப் பக்கம் சாஞ்சீக்குது. எடையில தண்ணி கசியுது. கீழ வெட்டிட்டீங்க, மேல உள்ளதுக்குப் பிடிமானம் இல்ல. அந்தப் பக்கம் போனா அடுக்கு மலைக்கு உள்ள சாயுது. அங்க கட்டுங்க."

"அங்க மாட்டுப்பட்டி நானா!"

"மாடு நல்ல ஜாதி. மேல விழாது."

வீட்டைக் கட்ட வந்திருந்த மேசன் பாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த அடுக்கு ஏன் இப்படிச் சாஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். கேட்டிருக்கக்கூடாது. நானா கண்டங்கள் மோதியதிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் நெருக்கினால் இடையில் உள்ள பாறை பாய் மாதிரி மடியும், மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு, அக்காவின் காணி முழுவதும் வீதிப் பக்கம் சாய்ந்த சரிவில் கிடக்கிறது என்றார். மணி பத்து முப்பது.

"ஐம்பது கோடி வருசத்துக்கு முந்தி கண்டம் மோதுனதுக்கு நான் ஏன் நானா குசினிய மாத்தணும்?" என்று அக்கா அழும் குரலில் கத்தினாள். "தம்பி, இவர கூட்டிட்டுப் போடா!"

நான் கையைப் பிடிக்கப் போனேன். நானா என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அத்திவாரக் கானுக்குள் இறங்கி, கல்லை மடியில் வைத்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுபது வயது மனிதரைத் தூக்கி வெளியில் போட யாருக்கும் மனம் வரவில்லை. பூசாரி நேரத்தைப் பார்ப்பதும் நானாவைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்து ஐம்பத்து நான்கு வந்தது, போனது.

நேரம் தப்பிய பிறகு நானா மெதுவாக, "ரொட்டி ஈக்குதா?" என்று கேட்டார். பசிக்குது போல என்று நினைத்து, கோபத்தோடு கோபமாக அக்கா ஒரு தட்டில் தேங்காய் ரொட்டியும் ஒரு சட்டியில் பருப்புக் கறியும் கொண்டுவந்து வைத்தாள். நானா பலகை ஒன்றைச் சாய்த்துப் பிடித்தார். அதன்மேல் ரொட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே ஒரு ரொட்டியை முட்டுக் கொடுத்து வைத்தார். "இது மலை. இது மழை" என்று பருப்பை ஊற்றினார். எதுவும் நடக்கவில்லை. பாஸ் குனிந்து பார்த்துச் சிரித்தார். "இது நீங்க வெட்டின எடம்" என்று நானா முட்டுக் கொடுத்த ரொட்டியை உருவினார். மலை முழுவதும் பருப்போடு வழுக்கிப் பாஸின் மடியில் வந்து இறங்கியது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பின்னால் வெட்டியிருந்த மலைச்சுவரைப் பார்த்தாள்.

"பாஸ், புள்ளைங்க ரூம் எந்தப் பக்கம் வருது?"

சாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பாஸ் நிமிரவில்லை. "பின்பக்கம்தான். மலையோட ஒட்டி."

அக்காவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவள் நேரே பூசாரியிடம் போய், "வேற நல்ல நேரம் ஒண்ணு பாருங்க சாமி. அந்தப் பக்கம் கட்டுறோம்" என்றாள்.

வீடு மாட்டுப்பட்டிப் பக்கம் எழுந்து மூன்று வருடமாகிறது. அந்த மலை இன்றுவரை ஒரு சாண் நகரவில்லை. வெட்டிய இடத்தில் அக்கா வாழை வைத்திருக்கிறாள், குலை குலையாகத் தள்ளுகிறது. ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. அக்காவும் சும்மா விடுவதில்லை: "ஒங்க பேச்ச கேட்டுத்தான் நானா மாட்டு மூஞ்சிய பாத்துகிட்டே சமைக்கிறேன்." நானாவுக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. கனமழை பெய்தால் மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அக்காவுக்குப் போன் எடுப்பார்.

"தங்கச்சி, மலை ஈக்குதா?"

"இருக்கு நானா."

"அல்ஹம்துலில்லாஹ்! அது எந்நாளும் என்னயப் பொய்யனாவே வச்சீக்கட்டும்." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

தான் சொன்னது பலிக்கக்கூடாது என்று மழைக்கு மழை வேண்டிக்கொள்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. காப்புறுதிக் கம்பனியில் நிச்சயமாகக் கண்டதில்லை.

போன மழையிலும் விடியற்காலையில் போன் வந்தது. மலை இருக்கிறது என்று சொன்ன அக்காவுக்கு, அந்தப் பக்கம் சளசளவென்று ஏதோ கேட்டிருக்கிறது.

"என்னா நானா தண்ணி சத்தம்?"

"அது ஒண்டுமில்ல தங்கச்சி. ஆறு பெருகி ஊருக்குள்ள வந்துட்டுது. கடைக்குள்ள முழங்கால் மட்டும் தண்ணி. அது வத்திரும். மலை நல்லா ஈக்குதுதானே?"

அக்கா எனக்குப் போன் எடுத்து இதைச் சொல்லி முடிக்கவில்லை, அழுதுவிட்டாள். பாதை திறந்த அன்று, முதல் பஸ்ஸில் சேறு தள்ள இரண்டு தும்புத்தடியும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு அக்குறணையில் வந்து இறங்கினாள். நானும் கண்டியிலிருந்து போய்ச் சேர்ந்தேன். கடை முழுவதும் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. நாங்கள் தள்ளத் தள்ள, நானா ஒரு கதிரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்தச் சேறு எந்த மலையில் பாறையாக இருந்தது, எத்தனை கோடி வருடமாகக் கரைந்து இறங்கி வருகிறது, இனி எந்தக் கடலுக்குப் போய் மறுபடி பாறையாகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டோம்.