ஆறாம் நம்பர் பாத்தி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. தேதி எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, பச்சை மசியில் போட்டேன். பச்சை மசி எங்கள் கம்பெனியில் முடிவெடுப்பவர்களுக்கு மட்டும்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. ஒப்பீட்டுப் பட்டியல் போடாமல் ஒரு திருகாணி கூட எங்கள் கேட்டைத் தாண்டி வராது. ஐந்தாறு சாமான்களை வரிசையாக வைப்பேன். சோதிப்பேன். மார்க் போடுவேன். எது முதலில் வருகிறதோ அதற்குக் கையெழுத்து. கையெழுத்து விழுந்த பிறகு முடிவை மாற்ற எனக்கே அதிகாரம் கிடையாது. இந்த விதியை எழுதியவனும் நான்தான்.

வீட்டிலும் இதே முறைதான். ஒரு குடை வாங்க இரண்டு மழைக்காலம் நனைந்துகொண்டே ஆராய்ச்சி செய்தேன். மூன்றாவது வருஷம் குடை வந்தது. மழை வரவில்லை.

என்னிடம் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. எந்தச் சாமான் வாங்கினாலும் அது வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடமாட்டேன். எங்கள் வீட்டுப் பின்னறை முழுக்கப் பெட்டிகள்தான். ஒரு நோட்டில் எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. மொத்தம் நாற்பத்து மூன்று. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் பெட்டி காவல்காரன் மாதிரி குறுக்கே நிற்கும். அதைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. வாசலில் நின்று பார்த்து, திருப்தியாகக் கதவைச் சாத்திவிடுவேன்.

"டிவி செத்தே ஏழு வருஷம் ஆச்சு. அதோட பெட்டி எதுக்கு?" என்பாள் என் மனைவி.

"வீடு மாத்தினா வேணுமே."

"டிவியே இல்ல. பெட்டிக்குள்ள எத வெச்சு எடுத்துட்டுப் போவீங்க?"

"புது டிவி வாங்கினா?"

"அதுக்குத் தனியா ஒரு பெட்டி வருமே."

"வரட்டும். அதுவும் இருக்கட்டும்."

அவளுக்கு அந்த அறை வேண்டும். தையல் மிஷினை அங்கே போட வேண்டும். சாப்பாட்டு மேஜையில்தான் தைக்கிறாள். ஒவ்வொரு வேளையும் துணியைச் சுருட்டி, மிஷினை இறக்கி, தட்டை வைத்து, பிறகு தட்டை எடுத்து, மிஷினை ஏற்றி... பார்க்கிற எனக்கே மூச்சு வாங்கும். ஒரு தடவை சாப்பாட்டில் கிடந்த சட்டைப் பொத்தானைக் கடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் ஓடினேன். பொத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினோரு வருஷமாகக் கேட்கிறாள். நானும் மறுக்கவில்லை. "பெட்டிகளுக்கு மாத்து இடம் காட்டு. பரிசீலிக்கறேன்" என்று பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதிகாரி என்றால் அப்படித்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முன்பக்கத் தோட்டத்தில் நின்றபடி கூப்பிட்டாள்.

"ஏங்க, பூச்செடியெல்லாம் இப்படி வாடுதே. காலைல ஊத்தற தண்ணி மத்தியானம் வரைக்கும்கூட நிக்க மாட்டேங்குது."

மதில்மேல் பல் டாக்டரின் தலை முளைத்தது. "மூடாக்கு போடுங்க சார். மண்ணு மேல எதையாவது போர்த்திவிட்டா ஈரம் நிக்கும். களையும் தலைகாட்டாது."

"எதப் போர்த்தறது டாக்டர்?" என்றாள் இவள். "கல்லுங்கறாங்க, சருகுங்கறாங்க, வைக்கோலுங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் 'நீங்களே பாத்துச் சொல்லுங்க' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். போன வருஷம் கொல்லையில் அவள் போட்ட தக்காளி தேன் மாதிரி இருந்தது வாஸ்தவம். ஆனால் முறைப்படி சோதிக்காமல் வந்தால் அது வெறும் அதிர்ஷ்டம்தான் என்று அப்போதே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது முறை என்றால் என்னவென்று அவளுக்குக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மறுநாள் காலையில் பூப்பாத்தியைக் கயிறு கட்டி ஆறாகப் பிரித்தேன். நம்பர் பலகை நட்டேன். ஒன்று, வெள்ளைக் கூழாங்கல். இரண்டு, சருகு. மூன்று, வைக்கோல். நான்கு, மரத்தூள். ஐந்து, மரப்பட்டைச் சீவல். எனக்குக் கூழாங்கல் மேல்தான் ஆசை. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அதிகாரிக்கு ஆசை கூடாது.

"ஆறாவது காலியா இருக்கே. நான் எதாவது போட்டுக்கவா?" என்றாள்.

"தாராளமா. ஆனா என்ன போட்டேன்னு என்கிட்ட சொல்லாத. பாரபட்சம் வந்துடும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

அடுத்த நாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தேன். ஆறாம் நம்பரிலும் சருகு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, ரெண்டும் சருகு, ஆறும் சருகா? ஒரே சாமானை ரெண்டு தடவ யாராவது சோதிப்பாங்களா?"

"சொல்லக்கூடாதுன்னீங்களே" என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் சோதனை நடந்தது. தினமும் ஐஸ் குச்சியை மண்ணில் செருகி எவ்வளவு தூரம் ஈரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை களை எண்ணுவேன். முட்டி போட்டு எண்ணும்போது தெருவில் போகிறவர்கள், "என்ன சார், மோதிரம் தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்பார்கள்.

கூழாங்கல் முதல் வாரமே என் மானத்தை வாங்கியது. மத்தியான வெயிலில் அது காய்ந்த சூட்டில் ஜீனியாச் செடி வதங்கித் தொங்கியது. வைக்கோலில் இருந்த விதையெல்லாம் முளைத்து நாற்பத்தோரு களை. "வைக்கோல வளக்கறீங்களா சார்?" என்றார் பல் டாக்டர். அவர் வாயை மரத்தூள் அடைத்தது. ஒருநாள் அடித்த காற்றில் நான்காம் நம்பர் பாத்தி மொத்தமும் எழும்பி அவருடைய கிளினிக் ஜன்னல் வழியாகப் போய், நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவரின் பல்லில் இறங்கிவிட்டது. மரப்பட்டை நல்ல சாமான்தான். ஆனால் தெருவில் இருக்கும் பூனைகள் அதைத் தங்கள் வசதிக்காகக் கட்டிக்கொடுத்த கழிப்பறை என்று முடிவு செய்துவிட்டன. இரண்டாம் நம்பர் சருகில் பாதி பறந்துவிட்டது.

ஆறாம் நம்பர் மட்டும் அசையவில்லை. குச்சி முழுக்க ஈரம். களை பூஜ்யம். சாமந்தி ஒவ்வொன்றும் குழந்தை முகம் மாதிரி மலர்ந்து நின்றது. அதே சருகு, அதே மண், அதே தண்ணீர். எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் நியாயம் நியாயம்தான்.

பல் டாக்டரைச் சாட்சிக்கு அழைத்தேன். பட்டியலை உரக்கப் படித்தேன். "முன்பக்கத் தோட்டம் முழுமைக்கும் ஆறாம் நம்பர் மூடாக்கே தேர்வு செய்யப்படுகிறது" என்று எழுதி, பச்சை மசியில் கையெழுத்திட்டேன். டாக்டரும் போட்டார். அவர் எழுத்து யாருக்கும் புரியாது. ஆனாலும் சாட்சி சாட்சிதான்.

"இப்பச் சொல்லலாம். அது என்ன சருகு?" என்றேன்.

அவள் குனிந்து சருகை ஒதுக்கினாள். அடியில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் ஒதுக்கினாள். ஒரு அம்புக்குறி. பக்கத்தில் எழுத்து: 'இந்தப் பக்கம் மேலே.'

அந்த அம்புக்குறியை எனக்குத் தெரியும். என் நோட்டில் பதினேழாம் நம்பர்.

"இது... ஹீட்டர் பெட்டியாச்சே!"

"இந்தப் பக்கம் மேலேன்னு போட்டிருந்துச்சு. அப்படியே வெச்சேன்" என்றாள் அடக்கமாக. "டேப்பெல்லாம் உரிச்சுட்டு, நல்லா நனைச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாப்ல பரப்பி, அது பறக்காம இருக்கச் சருகு."

"மண்புழுவுக்கு அட்டைன்னா உயிர் சார்" என்றார் டாக்டர்.

"செல்லாது! இது செல்லவே செல்லாது!"

"கையெழுத்துப் போட்டப்புறம் மாத்தற அதிகாரம் யாருக்கு இருக்கு?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

"சொல்லுங்க, யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"வலிச்சாக் கையத் தூக்குங்க சார்" என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில்.

"பெட்டிகளுக்கு மாத்து இடம் காட்டச் சொன்னீங்களே, காட்டிட்டேன்" என்று என் மனைவி தோட்டத்தைச் சுற்றிக் கையைக் காட்டினாள். "வெயிலு, காத்து, மேல பூ. இதவிட நல்ல இடம் அதுங்களுக்கு எங்க கெடைக்கும்?"

தோற்றுப்போன அதிகாரிக்கும் ஒரு கௌரவம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. டிவி பெட்டிய மட்டும் தொடக்கூடாது."

"தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. இனிமே அதத் தொடவே மாட்டேன்."

'இனிமே' என்ற அந்த வார்த்தை என் காதில் விழத்தான் செய்தது. மூளைக்குப் போகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நிபந்தனைக்கு உடனே சம்மதித்துவிட்டாளே என்ற பூரிப்பில் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்தோம். ஃபிரிட்ஜ் பெட்டியை நகர்த்தினேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நோட்டில் கோடு போட்டேன். மிக்சி, இஸ்திரிப்பெட்டி, மூன்று கடிகாரம், செத்துப்போன ரேடியோ. முப்பத்தோரு பெட்டியோடு அறை முடிந்துவிட்டது. பன்னிரண்டு குறைந்தது. ஹீட்டர் பெட்டி ஆறாம் பாத்தியில் இருக்கிறது, சரி. மீதி பதினொன்றைக் காணவில்லை. டிவி பெட்டியையும் காணவில்லை. நோட்டை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினேன். மதில்மேல் தெரிந்த டாக்டரின் தலையை வெகுநேரம் சந்தேகமாகப் பார்த்தேன். அவர் தலையை இறக்கிக்கொண்டார்.

அதைப் பற்றிக் கேட்கலாம் என்று திரும்பினால், அவள் வெறும் அறையின் நடுவில் நின்றிருந்தாள். அந்த அறையில் கிழக்கே ஒரு ஜன்னல் உண்டு என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். தரை முழுக்க வெயில் விரிந்து கிடந்தது. அவள் இரண்டு கையையும் அகலமாக நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். கை எதிலும் இடிக்கவில்லை. ஐம்பது வயதுக்காரி சின்னப்பெண் மாதிரி சிரித்தாள்.

எனக்கு மனசு சுருக்கென்றது. இவ்வளவு வெளிச்சத்தையும் பதினோரு வருஷம் காலி அட்டைக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பெட்டி விசாரணையைத் தள்ளி வைத்துவிட்டு, நானே போய்த் தையல் மிஷினைத் தூக்கி வந்தேன். எங்கே வைப்பது என்று ஒப்பீட்டுப் பட்டியல் போடவில்லை. அவள் சொன்ன இடத்தில் ஜன்னலோரம் வைத்தேன்.

"இந்தாங்க" என்று ஒரு பழைய பெட்டியை நீட்டினாள். ஓரமெல்லாம் நைந்த ஃபேன் பெட்டி. நோட்டில் முதல் நம்பர். "இத மட்டும் மண்ணுல போட மனசு வரல."

மேல்பக்கம் காபி டம்ளரின் வட்டக்கறை இரண்டு இருந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் மேஜை கிடையாது. இந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து ஆறு மாதம் சாப்பிட்டிருக்கிறோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தப் பட்டியல் போட்டாலும் இந்த மாதிரி ஒருத்தி கிடைக்கமாட்டாள். அதை அவளிடமே சொன்னேன்.

"போதும் போதும்" என்று ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். ஆனால் முகம் சிவந்திருந்தது.

"அது சரி, ஒண்ணு கேக்கறேன். ஆறு சாமான்ல அட்டைதான் ஜெயிக்கும்னு உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சுது?"

"போன வருஷமே சோதிச்சுப் பாத்துட்டேனே."

"சோதிச்சியா? எங்க?"

"கொல்லைல. தக்காளிப் பாத்தில."

என் கையில் நோட்டு தானாகத் திறந்துகொண்டது. நாற்பத்து மூன்று. முப்பத்தொன்று.

"அப்போ... டிவி பெட்டி?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தேன் மாதிரி இருக்குன்னு ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அதுதான்."