இதுதான் கடைசிப் போகம்

வாசகரே, மனிதர்களில் ஒரு வகை உண்டு. கற்பிட்டிக் கரையின் மணல் தோட்டங்களில், புரட்டாதி பிறந்ததும் கண்ணில் படத் தொடங்குவார்கள். 'கடைசிப் போகக்காரர்' என்று நான் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

மிளகாய்ச் செடி மஞ்சளாகிக் கத்தரி காய்ப்பை நிறுத்தியதும், இவர் வரப்பில் குந்திக்கொண்டு முடிந்த போகத்தை ஆராய்வார்: நாற்று பிந்தி வந்தது, சோழகக் காற்று முந்தி வந்தது, கடைக்காரன் தந்த மருந்தைக் குடித்துப் பூச்சி கொழுத்தது, கழுதைகள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தன, கிணறு உவர்த்தது. தலவிலக் கோயில் திருவிழாவுக்குப் போய் மூன்று நாள் தண்ணீர் விடாமல் இருந்தது மட்டும் ஆராய்ச்சியில் வராது. பிறகு எழுந்து சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டுவார்.

"இதுதான் கடைசி. இனித் தோட்டப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்."

எங்கள் அல்பிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யுத்தத்தில் வன்னியிலிருந்து வந்து, இங்கே கால் ஏக்கரில் தோட்டம் செய்பவர். யுத்தம் முடிந்து கூடவந்தவர்கள் ஊர் திரும்பியபோது, "இந்தப் போகம் முடியட்டும்" என்றவர். அதன்பின் எத்தனையோ போகம் முடிந்துவிட்டது. வெறும் வாயால் துறந்தால் போதுமா? மண்வெட்டியைப் பக்கத்து வீட்டு ஜெய்னம்புவுக்குத் தானம் கொடுப்பார்.

"இந்தமுறை எத்தன நாளைக்கு?"

"நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ அக்கா. எனக்கு இனி வேண்டாம்."

போன வருடம் எட்டாம் நாள் திருப்பி வாங்கினார். ஜெய்னம்பு எண்ணெய் பூசி வைத்திருந்தார்.

அல்பிரட்டின் மனைவி எமிலியா இந்தச் சத்தியத்தை வருடாவருடம் சோறு வடித்தபடி கேட்பவர். ஆனால் ஒரு தடவை நம்பிவிட்டார். நம்ப ஆசை இருந்தது. சிலாபத்தில் கட்டிக்கொடுத்த மகள் மதுசாவுக்குத் தலைப்பிரசவம். மருமகன் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு வரமாட்டான். அம்மாவும் அப்பாவும் வந்து கூட இருக்கவேண்டும் என்று மகள் போனில் அழுதாள். அல்பிரட்டும் தலையாட்டினார். எமிலியா கோழிகளைக்கூடக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்.

புறப்படுகிற காலையில் இரண்டு பைகளோடு எமிலியா வாசலில் நின்றார். தோட்டத்தைக் கடைசியாக ஒருதரம் பார்த்து வருவதாகச் சொல்லிப் போன மனிதரைக் காணவில்லை. பஸ் வருகிற நேரம். தேடிப் போனால், காய்ந்த பாவல் பந்தலுக்குள் நின்று, மஞ்சளாகத் தொடங்கிய ஒரேயொரு பாவற்காய்க்குச் சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா உது?"

"விதைக்கு விட்டது. மைனா கொத்திப்போடும்."

"விதை ஆருக்கு?"

அல்பிரட் முடிச்சை இன்னும் இறுக்கினார். "பழுக்க நாலு நாள்தான். நீர் முன்னால போம், நான் பின்னால வாறன்."

எமிலியா சண்டை பிடிக்கவில்லை. அவருடைய பையைப் பந்தல் காலடியில் வைத்துவிட்டுத் தன் பையோடு பஸ் ஏறினார். நாலு நாள் நாற்பது நாளானது. மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் எமிலியா தனியாகத்தான் நின்றார். பேரன் பிறந்த செய்தி வந்தபோது அல்பிரட் நாற்றுமேடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கினார். தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். நாற்று கொஞ்சம் நிமிர்ந்ததும் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

சிரிக்கிறீர்களா? உங்களுக்குத் தோட்டமே இல்லையா? பரவாயில்லை, இந்த வகையில் சேர அது கட்டாயமில்லை. சங்கத் தலைமை, சீட்டாட்டம், பாதியில் நிற்கிற வீட்டுவேலை, ஏதாவது ஒன்று போதும். சேர்ந்துவிட்டீர்களா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போய், "இதுதான் கடைசி" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டிலுள்ளவர் நிமிர்ந்து பார்த்தால் தப்பித்தீர்கள். "ஓம், ஓம்" என்றபடி தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தால், அவர் எப்போதோ தனியாகப் பஸ் ஏறிவிட்டார்.