அத்தை சூடு காட்டிய டம்ளர்கள்

குடும்பத்தை ஒன்று சேர்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் இப்போதெல்லாம் நான் இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறேன். நானும் ஒரு காணும் பொங்கலுக்கு அப்படிக் கிளம்பியவள்தான், கையில் ஒரு அட்டைப்பெட்டி எவர்சில்வர் டம்ளரோடு.

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் அம்மாவின் தம்பி தண்டபாணி மாமா, அவர் மனைவி, பிள்ளைகள், அப்போதுதான் பிறந்திருந்த பேரன் வரைக்கும் பெயர் இருந்தது. அப்பாவின் ஒரே தங்கை தனம் அத்தையின் பெயர் இல்லை. இடம் போதவில்லை என்று அச்சகத்தில் கேட்டபோது, "ஏதாச்சும் பாத்து அட்ஜஸ்ட் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா செங்கல்பட்டு பஜாரில் பூ விலை கேட்கப் போய்விட்டார். அவனும் பார்த்து அட்ஜஸ்ட் செய்துவிட்டான்.

அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. "எங்கண்ணனுக்கு நான் செத்துட்டேன்னு ஊருக்கே அச்சடிச்சுக் குடுத்துட்டாரு" என்று திருக்கழுக்குன்றத்திலிருந்து சொல்லி அனுப்பினாள். அப்பா ரோஷக்காரர். தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டால் அந்த ரோஷம் இன்னும் ஏறும். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஆனால் ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு மறுநாள் அப்பா வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். கேட்டால், "பேப்பர்காரன் வரலம்மா" என்பார். (அன்றைக்குப் பேப்பரே கிடையாது.)

பெயர் விட்டுப்போனதால் வந்த சண்டையைப் பெயர் போட்டுத்தானே தீர்க்க வேண்டும்? சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருப்பவளின் மூளை இப்படித்தான் வேலை செய்யும். மாமல்லபுரத்தில் ஒரு வீட்டை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பது, எல்லாரையும் அங்கே வரவழைப்பது, ஆளுக்கு ஒரு டம்ளர், அதில் அவரவர் பெயர். வினைல் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்று வேறு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. (ஒரு காலத்தில் நான் பெரிய தொழிலதிபர் ஆவதாக இருந்தேன்.)

தமிழில்தான் வெட்டிப் பார்த்தேன். மெய்யெழுத்துகளின் புள்ளிகள் டம்ளரில் ஒட்டாமல் என் முழங்கையில் ஒட்டிக்கொண்டன. அப்படியே ஆபீஸ் போனதில், அம்மை போட்டிருக்கிறதா என்று பக்கத்து சீட்டில் கேட்டார்கள். சனியன் பிடித்த புள்ளிகள் வேண்டாம் என்று இங்கிலீஷுக்கு மாறினேன். அதுவும் சாதாரண இங்கிலீஷ் இல்லை, கொடி மாதிரி சுருண்டு சுருண்டு போகும் ஸ்டைல். தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கும் அத்தைக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பது இந்த அறிவாளிக்குத் தோன்றவே இல்லை.

அத்தையைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். முறுக்கு டப்பாவோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பா பழைய பேப்பர் ஒன்றை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மா "வா" என்றாள். மாமா மின்விசிறியைப் பார்த்தார். எங்கே நிற்பது என்று தெரியாத அத்தை நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. சரி, சமையலறையில் பெட்டியோடு வைத்திருக்கும் டம்ளர்களைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாடியில் சீரியல் லைட் மாட்டப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம். போகிதான் முடிந்துவிட்டதே, இன்னும் எந்தப் புண்ணியவான் டயர் கொளுத்துகிறான் என்று திட்டிக்கொண்டே இறங்கினேன். நாற்றம் எங்கள் சமையலறையிலிருந்துதான் வந்தது.

அத்தை ஒரு டம்ளரை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் மற்ற டம்ளர்கள் பளபளவென்று மொட்டையாக நின்றன.

"அத்தை! இன்னா பண்றீங்க?"

"இன்னாடி நீ, புது டம்ளருல ஸ்டிக்கரு கூட எடுக்காம வெச்சுக்கிற? எல்லாத்துலயும் கம்பெனிக்காரன் பேரு ஒட்டிகினு கீது. சூடு காட்னா உரிஞ்சு வந்துரும். ஆனா இந்தக் கம்பெனி கோந்து ரொம்பப் பேஜாரு."

புது எவர்சில்வர் பாத்திரத்தின் லேபிளை நம் வீடுகளில் வேறு எப்படி எடுப்பார்கள்? நானே அப்படித்தான் எடுப்பேன். அத்தை மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் நான் தரையில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி ஓவென்று அழுதேன்.

"அது கம்பெனி பேரு இல்ல அத்தை. நம்ம பேரு. ஆளுக்கு ஒண்ணு."

அத்தை அடுப்பை அணைத்தாள். இடுக்கியை மேடையில் வைத்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்:

"என் பேரும் இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை."

"எது?"

முதலில் உரித்ததே அதுதான் போலிருக்கிறது. கறுத்துச் சுருண்டு குப்பைக்கூடையில் கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டிக்குள் அடுப்புக்குப் போகாமல் தப்பித்த டம்ளர் ஒன்றே ஒன்று. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதுதான் அத்தை உங்க பேரு."

அது தண்டபாணி மாமாவின் டம்ளர்.

அத்தை அந்தச் சுருள் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "போட்டுருக்கீங்களே" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

என் அழுகைச் சத்தம் கேட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார் அப்பா. பின்னால் அம்மாவும் மாமாவும். டம்ளரைப் பார்த்த மாமா வாயைத் திறந்தார். அம்மா முழங்கையால் ஒரு இடி இடித்ததில் இருமலோடு மூடிக்கொண்டார்.

அப்பா மொட்டை டம்ளர்களைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"பத்திரிகையில நான் வுட்டுட்டேன். டம்ளருல நீ எல்லாத்தையும் கொளுத்திட்ட. செரியாப் பூட்ச்சி. காபி போடு தனம்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாலு எங்க கீது?" என்றாள்.

பிளாஸ்டிக் வாசனை அடித்த அந்தக் காபியை யாரும் முகம் சுளிக்காமல் குடித்தோம். அதற்கு மேல் அண்ணனும் தங்கையும் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. போன வருடங்கள் போனவைதான். ஆனால் இப்போது பொங்கலுக்கு அத்தை வருகிறாள், அப்பா பேப்பர்காரனுக்காகக் காத்திருப்பதில்லை.

அந்த டம்ளர் அத்தை வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அதில் காபி ஊற்ற மாட்டாள், தேய்க்க மாட்டாள். வருகிறவர்களிடம் எல்லாம், "பத்திரிகையில வுட்டா இன்னா, எங்கண்ணன் வெள்ளி டம்ளருல போட்டுக் குடுத்துட்டாரு" என்று எடுத்துக் காட்டுகிறாள். (வெள்ளி இல்லை, எவர்சில்வர். அண்ணன் இல்லை, நான். பெயர்... சரி, விடுங்கள்.) மாற்றிவிடலாம் என்று தமிழிலேயே 'தனம்' என்று ஒட்டி ஒன்று எடுத்துப் போனேன். "எனக்குத்தான் ஒண்ணு கீதே" என்று அதை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "என் டம்ளர் திருக்கழுக்குன்றத்துல சௌக்கியமா?" என்று விசாரிப்பார். எல்லாரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார், ஆனால் முதலில் நிறுத்துவது அவர்தான்.

போன வாரம் அத்தை போனில் சந்தோஷமாகச் சொன்னாள். பேத்தியை எல்.கே.ஜி.யில் சேர்த்தாகிவிட்டதாம். இங்கிலீஷ் மீடியமாம். வீட்டில் கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் கூட்டிக் கூட்டிப் படிக்கிறாளாம்.